இரண்டு கையிலும் ஐஸ்

எங்கள் பெரியப்பாவுக்குப் பெண் பார்க்கப் போவதென்றால் அப்படியொரு உற்சாகம். பெண் அவருக்கல்ல, சித்தப்பாவுக்கு. போகிற வீட்டில் வாசல்படி முதல் கொல்லைக் கிணறு வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார், கடைசியில் "ஊருக்குப் போய் எழுதிப் போடுறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவார். அவர் யாருக்கும் எழுதிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படியே போனதில் சித்தப்பாவுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது.

கெப்பாலா பத்தாஸுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அப்பா சின்ன கிராணி. சித்தப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி குத்துவதும் அவர்தான். ஆபீசில் இருந்த வரிசைதான் வீட்டிலும். பெரியப்பா பேசினால் அப்பா தலையாட்டுவார், அப்பாவைப் பார்த்துச் சித்தப்பா தலையாட்டுவார். அம்மாவுக்கு மூத்தார் முன்னால் வந்து நின்று பேசுகிற வழக்கமே கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம்தான் வரும், எப்போதாவது ஒரு வார்த்தை வரும். எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வீட்டில் நினைத்ததை நினைத்தபடி பேசியவள் நான் ஒருத்திதான்.

அந்த வருஷம் சீனப் பெருநாளுக்கு, ரப்பர் வாங்கும் சீன முதலாளியான தவுக்கே கடையை அடைத்துவிட்டதால் ஆபீசுக்கும் லீவு விட்டார்கள். பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பெண் இருப்பதாகப் பெரியப்பாவுக்குத் தகவல் வந்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. என்னிடம் யாரும் பெண் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மலை ரயில் காட்டுகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். கயிறு கட்டி மலைமேல் இழுக்கிற ரயிலில் நான் ஏறப் போகிறேன் என்று தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்த் தமுக்கடித்துவிட்டு வந்தேன்.

புறப்படும்போதே பெரியப்பா ஒரு சட்டம் போட்டார். பினாங்கில் கால் வைத்ததிலிருந்து திரும்பிப் படகு ஏறும் வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சம்பந்தம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் ஜனத்தில் எல்லோரும் பார்ப்பதுதான். ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் சொன்னதாகிவிடும். பெரியப்பா அதை ஊர் முழுக்க நீட்டிவிட்டார். அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. முன்பு தைப்பிங்கில் பெண் பார்க்கப் போனபோது வழியில் ஒரு கடையில் காப்பி குடித்திருக்கிறார்கள். கடைக்காரர் பெண்ணுக்குத் தாய்மாமன். காசு வேண்டாம், நாம் உறவாகிவிட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அந்தக் காப்பியிலிருந்து மீண்டு வருவதற்குள் பெரியப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

"பாப்பா சின்னப் புள்ள. பசி தாங்காது," என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சின்னப் புள்ள வாயில வச்சாலும் குடும்பமே வச்ச மாதிரிதான்," என்றார் பெரியப்பா. பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஏதாச்சும் தின்னே, மலை ரயில் கிடையாது. ஆமா."

விடியற்காலையில் தின்ற புட்டோடு கிளம்பினோம். மோட்டார் பஸ், பட்டர்வொர்த், படகு, கடல். எல்லாவற்றையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பினாங்கில் இறங்கும்போது புட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தெருவெல்லாம் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் மெத்தை போட்டது போலக் கிடந்தது. சீனக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. திறந்திருந்தவை நம்மவர்களுடைய கடைகள்தான். என் கெட்ட நேரம், அவற்றில் பாதி சாப்பாட்டுக் கடைகள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நடந்தபோது ஒரு கடையிலிருந்து மீன்கறி வாசம் வந்து என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. அப்பா என் தலையைப் பிடித்து நேராக்கினார். அவருடைய வயிறும் அப்போது சத்தம் போட்டதை நான் கேட்டேன்.

ராகு காலம் கழிந்துதான் பெண் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதுவரை மாரியம்மன் கோயிலில் இருப்போம் என்று பெரியப்பா பெண் வீட்டுக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தார், அப்படியே இருந்தோம். கோயிலில் நல்ல கூட்டம். அம்மா அர்ச்சனைக்கு நின்றாள். பெரியப்பாவும் அப்பாவும் ஜெலுத்தோங் போவதற்கு வண்டி பேசப் போனார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சித்தப்பாவை விட்டுப் போனார்கள். அவர் கோயிலுக்கு எதிரே, கடைகளின் முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தம் கைக்குட்டையை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பெண் பார்க்கப் போகும் நாளெல்லாம் அவருக்கு அதுதான் வேலை.

நான் மெல்ல நழுவிக் கோயில் மூலைக்கு வந்தேன். அங்கே எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற நாகூர் முஸ்லிம் ஒருவர் தள்ளுவண்டி வைத்திருந்தார். மரத்தூளில் புதைத்திருந்த கண்ணாடிப் பாறை போன்ற ஒன்றை எடுத்துக் கழுவி, கவிழ்த்துப் போட்ட இழைப்புளி போன்ற பலகையில் வைத்துத் தேய்த்தார். கீழே பூவாக உதிர்ந்தது. அதை அள்ளி இரண்டு கையாலும் அமுக்கி உருண்டை பிடித்து, மேலே சிவப்புப் பாகை ஊற்றி ஒரு சீனப் பையனிடம் கொடுத்தார். பையன் உறிஞ்சிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஐஸ் என்று ஒன்று கிடையாது. அதிலிருந்து எழும்பிய புகையைப் பார்த்து, நல்ல சூடான பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேணுமா பாப்பா?"

திரும்பிப் பார்த்தேன். கோயிலிலிருந்து வந்த ஓர் அக்கா. சாதாரண நூல் சேலை, நெற்றியில் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல், தேங்காய் மூடி வைத்த பிரம்புக் கூடை. முன்பின் பார்த்த முகமில்லை.

"வேணாம். தின்னா மலை ரயில் போயிடும்," என்றேன்.

"ரயிலு எங்கயும் போவாதுலா. தெனம் ஓடுது," என்று சிரித்தாள். வண்டிக்காரரைப் பார்த்து, "காக்கா, ஒரு உருண்டை. பாகு நெறைய ஊத்துங்க," என்றாள்.

வேண்டாம் என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். வாய் சொல்வதற்குள் கை நீண்டுவிட்டது. வாங்கியதும் "அய்யோ, சுடுதுக்கா!" என்று அலறினேன். வண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அந்த அக்கா உருண்டையின் அடியில் தன் முந்தானை நுனியைச் சுற்றிக் கொடுத்தாள். பிறகு நான் உறிஞ்சினேன். பல்லெல்லாம் கூசியது, நெற்றி வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றுக்குள் ஒரு தெரு முழுக்கப் பட்டாசு வெடித்தது போல இருந்தது. அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அக்கா என்னைச் சுவரோரமாக நிறுத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

"அங்க வெள்ளைச் சட்டை போட்டு ஒக்காந்திருக்காரே, அவரு யாரு?"

"எங்க சித்தப்பா. டிரஸரு."

"தண்ணி கிண்ணி போடுவாரா?"

"நெறைய போடுவாரு. மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். மருந்து நாத்தம் போவணும்ல?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குளிக்கிறத கேக்கல பாப்பா. கள்ளுக்கடை போவாரா?"

"அய்ய, அந்த வாசம் பட்டாலே வாந்தி எடுப்பாரு," என்றேன்.

"கோவம் வருமா?"

"வரும். பெரியப்பாவுக்கு."

யாரோ எனக்கு முழுசாக ஓர் உருண்டை ஐஸ் வாங்கிக் கொடுத்து, நான் பேசுவதையும் நின்று கேட்கிறார்கள். நான் எங்கே நிறுத்துவேன்? சித்தப்பா தம் சட்டையைத் தாமே துவைப்பது, குளிக்கும்போது பாடுவது, அந்தப் பாட்டுக்குப் பக்கத்து லயத்து நாய் பதில் சொல்வது, தூங்கும்போது குறட்டை விடுவது, கத்தரிக்காய் பிடிக்காது என்பது, பெரியப்பா பார்க்காதபோது தம் தட்டுக் கத்தரிக்காயை என் தட்டுக்குத் தள்ளுவது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒன்றையும் தடுக்கவில்லை.

"ஊசி போடுறப்ப புள்ளைங்க அழுதா அதட்டுவாரா?"

"மாட்டாரு. சித்தப்பாவே அழுவாரு," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது வெளியே சொல்லக் கூடாத விஷயம். பெரியப்பா வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார். டிரஸர் அழுதான் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள், எவன் பெண் கொடுப்பான் என்று கத்தியிருந்தார்.

"எப்ப அழுதாரு?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாதே. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஓர் அம்மாவின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குச் சோறு உண்டா என்று கேட்டுவர அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அவர் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. என்னைப் பார்த்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சோறு வேணாம்னு சொல்லு பாப்பா," என்றார். அதன் பிறகு கொஞ்ச காலம், வேலை முடிந்ததும் அந்தம்மாவின் லயத்து வாசல் வரை போய், அவளும் புருஷனும் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அக்கா எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அப்போது அக்கா வண்டிப் பக்கம் திரும்பி, "காக்கா, இன்னொரு உருண்டை. மஞ்சப் பாகு," என்றாள்.

என் வலது கையில் சிவப்பு உருண்டை, இடது கையில் மஞ்சள் உருண்டை. பட்டத்து ராணிக்குக்கூட அப்படி வாய்த்திருக்காது. எதை முதலில் உறிஞ்சுவது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தெருவைக் கடந்தாள். நேர் வழி இருக்க, அஞ்சடியில் ஏறிச் சித்தப்பாவின் முன்னால் மெல்ல நடந்து போனாள். சித்தப்பா நிமிரவில்லை. வழியில் நீட்டியிருந்த காலை மட்டும் மரியாதையாக மடக்கிக்கொண்டார்.

இரண்டு உருண்டையும் கரைந்து முடிந்த பிறகு அம்மா வந்தாள். "வாய் ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். கீழே கிடந்த பட்டாசுக் காகிதத்தைக் காட்டி, நனைத்து உதட்டில் தேய்த்துக்கொண்டேன் என்றேன். "நாக்குலயுமா?" என்று கேட்டாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜெலுத்தோங் வீட்டில் பாய் விரித்து, நடுவில் தட்டுத் தட்டாகப் பலகாரம் வைத்திருந்தார்கள். நெய் மிதக்கிற கேசரி, மொறுமொறுவென்று உளுந்து வடை, வாழைப்பழம். "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க," என்று பெண்ணின் அப்பா உபசரித்தபடியே இருந்தார். "அதெல்லாம் ஆகட்டும்," என்று பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டார். அப்பா வடையைப் பார்க்காமலிருக்கக் கூரையைப் பார்த்தார். பெரியப்பா தம் வேலையைத் தொடங்கினார். வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறது. பெண் கான்வென்டில் படித்திருக்கிறாள், இங்கிலீஷ் வேறு தெரிகிறது. விளக்கும் மோட்டாரும் பார்த்து வளர்ந்த பட்டணத்துப் பெண் தோட்டத்தில் கொசுக்கடியில் இருப்பாளா? பேசப் பேசப் பெண் வீட்டாரின் முகம் வாடியது. சித்தப்பாவின் கைக்குட்டை ஒரு வெற்றிலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அடுத்து வருவது எழுதிப் போடுகிற பேச்சுதான் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து காப்பித் தட்டோடு பெண் வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, குனிந்த முகம். எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், கண்ணாடி வளையலைப் பார்த்தேன்.

"ஐஸ் அக்கா!" என்று கத்தினேன். "அம்மா, இந்த அக்காதான் எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாங்க! ரெண்டு உருண்டை!"

பெண்ணின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் தெருவில் நின்று ஐஸ் வாங்குகிற பெண்ணை எந்தக் குடும்பம் கட்டிக்கொண்டு போகும்? பெரியப்பாவுக்கு அன்று காலையிலிருந்து கிடைக்காத பெரிய குறை தானாக மடியில் வந்து விழுந்துவிட்டது.

"பொண்ணு இப்படித் தனியா வெளிய..." என்று ஆரம்பித்தார்.

"கோயிலுக்குப் போனேன்," என்றாள் பெண். தட்டைப் பாய் மேல் வைத்தாள். "புள்ள ஐஸையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. வாங்கிக் குடுத்தேன்."

பெரியப்பா எழுந்துகொள்ளத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்போதுதான் என் ஆயுளில் ஒரே ஒரு தரம் கேட்ட அதிசயம் நடந்தது. கதவோரமாகப் பெண்களோடு நின்ற அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"சின்னப் புள்ள வாயில வச்சாலும் குடும்பமே வச்ச மாதிரின்னு மாமாதானே காலையில சொன்னாங்க. பொண்ணு கையாலயே சாப்பிட்டாச்சு. இனி எழுந்து போறது மொறையா?"

பெரியப்பா தோளில் துண்டோடு பாதி எழுந்த நிலையில் நின்றார். தாம் போட்ட சட்டத்தை எப்படி மீறுவார்? அவர் வாயைத் திறப்பதற்குள், அண்ணன்மார் முன்னால் அதுவரை ஒரு வார்த்தை பேசாத சித்தப்பா கையை நீட்டினார். ஒரு வடையை எடுத்தார். எல்லோரும் பார்க்க அதைக் கடித்து, மென்று, விழுங்கினார். பிறகு நிமிர்ந்து அந்த அக்காவைப் பார்த்தார். அந்த வருஷங்களில் அவர் பெண் பார்க்கப் போய், பெண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தரமாக இருக்கும்.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பா. அதன் பிறகு யார் சிரித்தார்கள் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரியப்பா மெல்ல உட்கார்ந்து, துண்டை மடித்து வைத்துவிட்டு, "சரி, அந்தக் கேசரிய இங்கிட்டுத் தள்ளுங்க," என்றார். மூன்று தட்டு சாப்பிட்டார். வாசல் தெற்குப் பார்த்திருப்பதால் நல்ல காற்று வருகிறது என்றும் சொன்னார்.

பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றியபோது சாயங்காலமாகிவிட்டது. மலை ரயிலுக்குப் போனால் படகைப் பிடிக்க முடியாது. சட்டப்படியும் எனக்கு ரயில் கிடையாது. வயிறு முட்டக் கேசரி தின்றிருந்ததால் எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. படகில் அம்மா மடியில் தூங்கிப்போனேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஐஸ் அக்காவைச் சித்தி என்று கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அவள் தோட்டத்துக்கு வந்து, கொசுவோடு சண்டை போட்டு, லயத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கச் சித்தப்பாவோடு போய்வர ஆரம்பித்தாள். அடுத்த சீனப் பெருநாள் லீவுக்கு அவர்கள் இரண்டு பேரும் என்னை மலை ரயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பெட்டி மேலே ஏற ஏற, கீழே ஊரும் கடலும் சின்னதாகிக்கொண்டே போயின. குளிர் காற்று வந்து முகத்தில் அடித்தது. அந்தக் குளிரில்தான் எனக்கு ஐஸ் ஞாபகம் வந்தது.

"சித்தி, அன்னிக்கு எனக்கு ஏன் ரெண்டாவது உருண்டை வாங்கிக் குடுத்தீங்க?"

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கடலில் ஒரு கப்பலைக் காட்டி யாரோ ஒரு குழந்தைக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தபடியே, "மொத உருண்டைய நீ அவ்ளோ சீக்கிரம் தின்னு முடிச்சிட்டேலா, அதான்," என்றாள்.

இருக்கும் என்று நம்பிவிட்டேன். நான் வேகமாகத் தின்கிறவள் என்று எல்லோரும் சொல்வதுண்டு. வெகு நாள் வரை நானும் அப்படியே மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் உருண்டை வந்தபோது சிவப்பு உருண்டை பாதிகூடத் தீராமல் என் வலது கையில் இருந்தது என்பது அதுவரை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.